ஒன்பதாம் மாதக் கட்டம்

கரிக்கலாம்பாக்கம்
11 ஜூன் 2025, புதன்

அன்புள்ள சுகன்யாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். காலையிலிருந்து எட்டு முறை அடித்துப் பார்த்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஒதியம்பட்டுக்கே வந்தால், உன் அம்மா வாசலை மறைத்து நின்றுகொண்டு, "பொண்ணு இங்க வரலம்மா" என்கிறார். உள்ளே சிந்து "அத்தை" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. சரி, எனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதனால்தான் கடிதம். வில்லியனூரில் தெய்வநாயகம் மளிகைக்கடையில் கொடுத்து வைக்கிறேன். உன் அம்மா அங்கே தினமும் வருவார். பதிலையும் அங்கேயே கொடு, நான் அந்த வழியாகத்தான் மருந்துப் பெட்டி எடுக்கப் போகிறேன்.

கோபத்தில் நாள்கணக்கு தவறும், அதனால் திருப்பிச் சொல்கிறேன். ஜூன் மூன்றாம் தேதி காலை, சிந்து பாயிலிருந்து எழ முயன்று இரண்டு காலும் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். அது முதல் நாள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினைந்து வயதுக்குள் எந்தக் குழந்தைக்குக் கை கால் திடீரென்று துவண்டாலும், காரணம் தேடாமல் உடனே மேலே சொல்ல வேண்டும் என்பது நர்சாக என் வேலை. போலியோ என்று நான் சொல்லவில்லை. போலியோ இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் இத்தனை பாடும்.

அதற்கு மலம் இரண்டு தடவை வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். துவண்ட நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் இரண்டும் எடுத்தாக வேண்டும். முதல் டப்பாவை ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பத்தாம் தேதி சாயங்காலம் நீ டாக்டர் பேச்சைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். பதினேழாம் தேதி கடைசி நாள்.

கடையில் ஒரு ஐஸ் பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே திருகுமூடி போட்ட டப்பா இருக்கிறது. கட்டைவிரல் அளவு போதும். தண்ணீர் படக்கூடாது. தெய்வநாயகத்திடம் விஷயத்தைச் சொல்லவில்லை, மோர் வாங்க வந்த பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ரிசல்ட் வந்தால்தான் சிந்துவுக்குச் சரியான வைத்தியம் பார்க்க முடியும்.

என் தம்பி வந்து உன்னைக் கூட்டிப்போவான் என்று காத்திருக்காதே. புகழ்வேந்தன் கையில் காப்பு கட்டியிருக்கிறான். தீமிதி முடிகிறவரை வேறு ஊரில் இரவு தங்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அவளுக்கு விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு மூக்கால் வந்தாலோ, என்மேல் இருக்கும் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

உன் அண்ணி,
விஜயராணி


ஒதியம்பட்டு
12 ஜூன்

அண்ணிக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை.

அன்றைக்குக் காலை அடுப்பில் பால் பொங்கப் பொங்க விட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடிவந்து, "அண்ணி, புள்ள நிக்க மாட்டேங்குது, இன்னான்னு பாருங்க" என்று கத்தினேனே, அது என் வீட்டுக்காரரோட அக்காவிடம் சொன்னது. நர்சம்மாவிடம் சொன்னது இல்லை. நீங்கள் வந்தீர்கள், சிந்துவின் காலைத் தூக்கிவிட்டுப் பார்த்தீர்கள், முட்டியில் தட்டினீர்கள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். அந்த நிமிஷமே நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள்.

ஜீப் வருவதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை? கோயிலில் காப்புக் கட்டுகிற நேரம். ஊரே அங்கே நிற்கிறது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "போலியோ வந்த வூடு எதும்மா?" என்று கேட்கிறான். யாரிடம் கேட்டான் தெரியுமா? என்னிடம்! துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்த என்னிடம்.

அப்புறம் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் காலைப் பார்த்தார்கள். ஜெயா தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தினமும் சிந்துவைத் தன் மடியில் வைத்துச் சோறூட்டுகிற ஜெயா. உங்கள் தம்பி ஈர மஞ்சள் கயிற்றோடு வந்து, உங்களைத் திட்டப் பயந்துகொண்டு என்னைத் திட்டினார். "உன்ன யாரு அக்காகிட்ட போய்ச் சொல்லச் சொன்னது?" என்றார். இதற்கு மேல் அந்த ஊரில் எனக்கு என்ன வேலை?

டப்பா வந்து சேர்ந்தது. அம்மா அதைக் கையால் தொடக்கூட இல்லை. "புள்ளையோட வெளிக்கிய எடுத்து ஊர் ஊரா அனுப்புறதா? எவனாச்சும் செய்வினை வெக்கிறதுக்கு இத வுட வேற இன்னா வேணும்?" என்கிறார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மா அமிர்தத்தின் வீட்டில் அமிர்தம் சொல்வதுதான் சட்டம். நடேசன் என்று ஒருவர் காலையும் மாலையும் வந்து எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார். சிந்து அலறுகிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிறந்ததிலிருந்து அவளுக்குச் சொட்டு மருந்து, ஊசி எல்லாம் போட்டது நீங்கள்தான். ஒன்றுவிடாமல் போட்டாச்சு இல்லையா? அப்படி என்றால் எதற்கு இவ்வளவு பதற்றம்?

சுகன்யா


கரிக்கலாம்பாக்கம்
13 ஜூன், வெள்ளி

சுகன்யா,

முதலில் அந்த நடேசனை நிறுத்து. கெட்டவர் என்று சொல்லவில்லை, சுளுக்குக்கு நானே அவரிடம் போயிருக்கிறேன். இது சுளுக்கு இல்லை. பலமில்லாத காலை முறுக்கினால் வலிதான் மிச்சம். யாராவது ஊசி போடுகிறேன் என்று வந்தாலும் விடாதே.

ஜீப் விஷயத்தில் நீ கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அந்த டிரைவரை நான் ஆபீசில் வைத்துக் கிழித்துவிட்டேன். கிழித்து என்ன பிரயோஜனம், ஊர் வாயை மூட முடியுமா?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் ஆபீசுக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டும். இந்த வாரம் கால் துவண்ட குழந்தை உண்டா? இல்லை என்றாலும் "இல்லை" என்று எழுதி அனுப்ப வேண்டும், சும்மா இருந்துவிடக் கூடாது. பதினோரு வருஷமாக "இல்லை" எழுதினேன். சில வாரம் தெருவுக்குள் போகாமலேயே எழுதியிருக்கிறேன், பொய் சொல்வானேன். போன திங்கட்கிழமைதான் முதல் தடவையாக "ஒன்று" என்று எழுதினேன். பக்கத்தில் பெயர் எழுதும்போது பேனா ஓடவில்லை. "சி" என்று எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஆபீசிலிருந்து உன்னிடம் இரண்டு பேர் வந்தார்களாமே, உன் அம்மா பிள்ளை ஊரிலேயே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர்கள்மேல் எரிந்து விழாதே. ஐஸ் பாக்கெட்டை இன்று மாற்றி வைத்திருக்கிறேன். தெய்வநாயகம் சந்தேகமாகப் பார்க்கிறார், மோர் எங்கே என்கிறார்.

டாக்டர் சிந்துவின் தடுப்பூசி அட்டையையும் கேட்கிறார். அது உன்னிடம் இருக்கிறது. அதற்கு அவசரமில்லை, நான் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக்கொள்வேன். டப்பா மட்டும் வந்தால் போதும். இன்னும் நாலே நாள்.

விஜயராணி


ஒதியம்பட்டு
14 ஜூன்

அண்ணிக்கு,

நடேசனை நிறுத்திவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதில்லை.

வலது கால் கட்டைவிரல் அசைகிறது. இடது அசையவில்லை. நேற்று மத்தியானம் தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறியது. ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் கஞ்சி குடித்தாள், ஒன்றும் ஆகவில்லை. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தனை எழுதினீர்களே அண்ணி, நான் கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு வரி எழுதவில்லை. எல்லா ஊசியும் போட்டாச்சா என்று கேட்டேன். டிரைவரைக் கிழித்ததெல்லாம் எழுதத் தெரிகிறது, இதற்கு "ஆமாம்" என்று மூன்று எழுத்து எழுத முடியவில்லை.

அட்டை என் துணிப்பைக்குள் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கட்டுமா?

சுகன்யா


கரிக்கலாம்பாக்கம்
15 ஜூன், ஞாயிறு

சுகன்யா,

இதை தெய்வநாயகத்தின் மகன் செந்தில்நாதனிடம் கொடுத்து நேராக உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்த முதல் பத்தியைப் படித்ததும் மீதியைப் படிக்காமல் கிளம்பு. புரை ஏறியது ஒரு தடவையோ ஒன்பது தடவையோ, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். 108-க்குச் சொல்லிவிட்டேன், உன் வாசலுக்கு வந்துவிடும். ஜீப் இல்லை, ஆம்புலன்ஸ். யார் பார்த்தால் என்ன, பார்க்கட்டும். மீதியை அங்கே போய்ப் படி.

அட்டையைப் பிரி. ஒன்பதாம் மாதக் கட்டத்தைப் பார். 8.3.2023 என்று என் கையெழுத்தில் இருக்கும். அது பொய்.

அன்றைக்கு மருந்து தீர்ந்துபோயிருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைதானே, நாளைக்கே போட்டுவிடலாம் என்று நினைத்துத் தேதியை எழுதி, கையெழுத்தும் போட்டேன். ரிஜிஸ்டரிலும் ஏற்றினேன். மறுநாள் போடவில்லை. அடுத்த வாரமும் போடவில்லை. தினமும் என் இடுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை, அதனாலேயே விட்டுப்போச்சு. யாரோ ஒருத்தி பிள்ளையாக இருந்திருந்தால் வீடு தேடிப் போய்ப் போட்டிருப்பேன். ஆறு மாதம் கழித்து ஞாபகம் வந்தது. அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. சொட்டு மருந்து எல்லாம் போட்டிருக்கிறேன், போலியோ ஊசியிலும் முதல் இரண்டு போட்டிருக்கிறேன், மூன்றாவதுதான் போடவில்லை. அதனால் போலியோ வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று புத்தி சொல்கிறது. மனசு கேட்கிறதா? அன்றைக்கு அவள் முட்டியில் தட்டிவிட்டு உன் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனேனே, காரணம் இதுதான்.

இன்னொரு பொய்யும் சொன்னேன். ரிசல்ட் வந்தால்தான் வைத்தியம் என்று எழுதினேன். அப்படி இல்லை. வைத்தியம் டாக்டர் இப்போதே பார்க்கிறார், டப்பா அவளுக்காக இல்லை. அது ஜெயாவின் குழந்தைக்காக, தெருவில் ஓடுகிற மற்றப் பிள்ளைகளுக்காக. சிந்துவிடம் அந்தக் கிருமி இருந்தால் மற்றப் பிள்ளைகளை உடனே காப்பாற்ற வேண்டும். இதைச் சொன்னால் நீ தரமாட்டாய் என்று நினைத்தேன். தாழ்ப்பாள் போட்டவளின் பிள்ளைக்காக எதற்குத் தருவாய்?

நாளைக் காலை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன். மூன்றாவது ஊசி போடவில்லை, போட்டதாக எழுதியது நான்தான் என்று. வேலை இருக்குமோ போகுமோ தெரியாது. நீ யாரிடம் வேண்டுமானாலும் அட்டையைக் காட்டு. டப்பாவை மட்டும் கொடுத்துவிடு.

விஜயராணி


ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு
17 ஜூன், செவ்வாய்

அண்ணிக்கு,

இதை உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். பொழுது சாய்வதற்குள் காப்போடு ஊர் திரும்ப வேண்டும் என்று பறக்கிறார். வந்ததும் சிந்துவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் இரண்டு இட்லி பொட்டலம் வாங்கி வந்தார்.

மூச்சு நன்றாக இருக்கிறது. ராத்திரி பூராவும் விரலில் ஒரு கிளிப் மாட்டிப் பார்த்தார்கள்.

டப்பா கதையைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்கு வெளிக்கி வரவில்லை! உங்கள் ஆபீஸ் ஆள் கண்ணையன் ஐஸ் பெட்டியோடு வராண்டாவில் உட்கார்ந்தார். திங்கட்கிழமையும் உட்கார்ந்தார். வாழைப்பழம் கொடுத்தேன், திராட்சை ஊறவைத்த தண்ணீர் கொடுத்தேன். வார்டு முழுக்க விசாரிக்கிறார்கள், "இன்னா, போச்சா?" என்று. கடைசி நாளும் விடிந்துவிட்டது. ஆறரை மணிக்கு என் அம்மாதான் கத்தினார், "அடியே, டப்பாவ எடுடி!" செய்வினை பேசிய அதே அமிர்தம். கட்டைவிரல் அளவுக்கு மேலேயே இருந்தது. கண்ணையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், செருப்பைக்கூட விட்டுவிட்டார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். முதலில் படித்தபோது அதைக் கிழித்தேன். அப்புறம் ஒட்டவைத்துப் படித்தேன். உங்களை அறைய வேண்டும் போல இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒப்புக்கொள்கிற கடிதத்திலும் எதற்கு அண்ணி பொய்? அன்றைக்கு மருந்து தீரவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புது பாட்டிலை ஒரு பிள்ளைக்காக உடைத்தால் வீணாகும், இன்னும் நாலு பிள்ளை வரட்டும், அரைமணி நேரம் உட்கார் என்றீர்கள். நான்தான் உட்காரவில்லை. என் தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போக வேண்டும், பதினோரு மணி பஸ் போய்விடும் என்று குதித்தேன். "எழுதிடுங்க அண்ணி, எதிர்வூடுதானே, அப்புறம் போட்டுக்கலாம்" என்றது என் வாய். நீங்கள் முடியாது என்றீர்கள். பேனாவை எடுத்து உங்கள் கையில் திணித்தது நான்.

இது அன்றைக்கிலிருந்து எனக்குத் தெரியும். சிந்து துவண்டு உட்கார்ந்ததுமே எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஜீப் வந்ததற்காக மட்டும் நான் ஓடவில்லை. டாக்டர் அட்டையைக் கேட்டார், நான் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிள்ளையோடு ஓடிவந்துவிட்டேன். உங்களிடம் எல்லா ஊசியும் போட்டாச்சா என்று கேட்டேனே, அது கேள்வி இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று ஆழம் பார்த்தேன். அட்டையைப் பிரிக்கட்டுமா என்று மிரட்டியதும் என் பயம்தான். அதைப் பிரிக்கத் தேவையே இல்லை எனக்கு.

ஆபீசிலும் மருந்து தீர்ந்ததாகத்தான் எழுதிக் கொடுத்திருப்பீர்கள், என் பெயர் வரக்கூடாது என்று. நான் இன்று டாக்டரிடம் அட்டையைக் கொடுத்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டினார். திட்டியது நன்றாக இருந்தது.

சுகன்யா


பாகூர்
28 ஜூலை, திங்கள்

அன்புள்ள சுகன்யாவுக்கு,

பிளாக்கை எடுத்துவிட்டாய் என்று தம்பி சொன்னான். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் கடிதமே போதும்.

இரண்டு டப்பாவிலும் கிருமி இல்லை. போலியோ இல்லை. உனக்கு ஏற்கெனவே டாக்டர் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் கையால் எழுத ஆசை. அது நரம்பு நோய், காய்ச்சல் வந்துபோன பிறகு சில பிள்ளைகளுக்கு வருவது, அந்த ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தேதி பொய் என்பது அதனால் மாறிவிடாது.

மெமோ கொடுத்தார்கள். இங்கே மாற்றிவிட்டார்கள். போகும் முன்பு என் ரிஜிஸ்டரில் இருந்த குழந்தைகள் அத்தனை பேர் வீட்டுக்கும் ஆள் அனுப்பி, தாய்மார்களைக் கேட்டுச் சரிபார்த்தார்கள். நூற்றுப் பதினேழு அட்டை. ஒன்றே ஒன்றுதான் பொய். நம் வீட்டு அட்டை.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, கால் துவண்டதிலிருந்து அறுபதாவது நாள். டாக்டர் வீட்டுக்கு வந்து சிந்துவை நடக்கவைத்துப் பார்ப்பார். நான் வரக்கூடாது, இப்போது அது என் ஏரியா இல்லை. அவள் எப்படி நடந்தாள் என்று எழுது. கூட்டாமல் குறைக்காமல் எழுது.

அண்ணி


கரிக்கலாம்பாக்கம்
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். டாக்டர் ஜீப்பில் வந்தார். ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார், கண்ணையன் சொல்லிவைத்திருக்கிறார். சிந்து உட்கார்ந்த இடத்திலிருந்து சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். வாசல்வரை நடந்தாள். இடது பாதம் கொஞ்சம் இழுக்கிறது, அதுவும் சரியாகும் என்கிறார். வாசலில் நிற்காமல் தெருவைத் தாண்டி உங்கள் வீட்டுக் கதவுவரை போய், பூட்டைப் பிடித்து ஆட்டி, "அத்தை இன்னும் வரல" என்று டாக்டரிடம் புகார் சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஜெயா தானாக வந்து பேசினாள். அன்றைக்குப் பயந்துவிட்டேன் என்றாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவள் பையனுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. நேற்று ஊசி நாள், துணைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

உங்கள் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள், நல்ல பெண். நாங்கள் போனபோது கூட்டமே இல்லை. அவள், "பாட்டில் உடைக்க இன்னும் புள்ளைங்க வரணும், கொஞ்சம் உக்காருங்க" என்றாள். ஜெயாவுக்கு வீட்டில் அடுப்பு வேலை, நெளிந்தாள். அந்தப் பெண் இரக்கப்பட்டுப் பேனாவைத் திறந்து அட்டையை இழுத்தாள்.

நான் எட்டி அந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். நாலு பிள்ளைகள் வந்தார்கள், பாட்டிலை உடைத்தாள், பையனின் கையில் ஊசி ஏறியது, அவன் வீல் என்று கத்தினான். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கொடுத்தேன்.

அவளுக்குக் கோபம். "யாரும்மா நீ, பேனாவப் புடுங்கறதுக்கு?" என்று கேட்டாள்.

"விஜயராணி நர்சோட தம்பி பொண்டாட்டி" என்றேன்.

சுகன்யா